வெட்டவில்லை, மடித்திருக்கிறோம்

நான் வேலையிலிருந்து நிற்கப்போகும் கடைசி வாரத்தில், எங்கள் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த நிவேதா என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அதான் எல்லாப் படத்துக்கும் மெஷினே எழுதிடுச்சே மேடம். திருப்பி நீங்க இன்னாத்துக்கு உக்காந்து எழுதிகினு இருக்கீங்க?”

நியாயமான கேள்விதான். ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு இணையப் பக்கம் போடுவது என் பிழைப்பு. பக்கத்தில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், பார்ப்பவர் கண்ணில் படாமல், ஒரு வரி எழுதி வைக்க இடம் உண்டு. அதற்கு ஆல்ட் என்று பெயர். படம் வராமல் போனால் அந்த வரி வரும். கண் தெரியாதவர்களின் போன் அந்த வரியைத்தான் வாய்விட்டுப் படிக்கும். கடை சமீபத்தில் பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதியது போட்டபோது, அந்த வரிகளையெல்லாம் இயந்திரமே எழுதட்டும் என்று விட்டுவிட்டார்கள். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கடையிலிருந்த அத்தனை புடவைக்கும் எழுதித் தள்ளிவிட்டது. சுறுசுறுப்பில் குறை சொல்ல முடியாது.

நிவேதாவிடம் “சும்மா இருந்தா கை பரபரங்குதும்மா” என்று சொல்லிச் சமாளித்தேன். நின்றவாக்கில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அந்தக் கடையில் சேர்ந்தது டைப்பிஸ்ட்டாக. அப்போது வெளியூர் ஜவுளிக்கடைகளுக்குப் போனிலேயே புடவை விற்பார்கள். படம் எடுத்து அனுப்ப வழி கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவர், “உடல் அரக்கு, கரை பச்சை, நாலு விரக்கடை, முந்தானையில அன்னம்” என்று ரிசீவருக்குள் கத்திக்கொண்டிருப்பார். உடல், கரை, முந்தானை. இந்த வரிசை மாறாது. விரக்கடை என்பது ஒரு விரல் அகலம். அந்தப் பக்கம் இருப்பவர் கேட்டுவிட்டு வேண்டும், வேண்டாம் என்பார். நான் அதை அப்படியே சீட்டில் தட்டிப் பார்சலோடு வைப்பேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதில் பில் போடக் கற்றுக்கொண்டேன். வேலூரில் ஒரு கோடைக்கால வகுப்பில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் கற்றேன். முதலாவது வீட்டுக்குச் சுவர் எழுப்புவது, இரண்டாவது வெள்ளையடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் முதலாளிக்கு வெள்ளையடிப்பதில்தான் ஆர்வம் எல்லாம். படம் வந்ததும் கடையில் போனில் கத்துவது நின்றுபோனது. நிம்மதி என்றுதான் நானும் நினைத்தேன்.

கணினிப் பிரிவுக்குத் தலைவர் ஏகாம்பரம் சார். சேவூர் ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். எலும்பு சேர்ந்தும் மவுஸ் பிடித்தால் வலி எடுக்கும் என்பதால் எல்லாவற்றையும் விசைப்பலகையிலேயே செய்வார். தான் பட்ட பாட்டை ஊரும் படட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, நான் எந்தப் பக்கத்தைச் செய்து கொண்டுபோனாலும் முதலில் மவுசைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வால் வெளியே தொங்கும்.

“இப்ப போ” என்பார்.

டேப் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு இணைப்பாகப் போகவேண்டும். போய் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு கோடு தெரியவேண்டும். புதிதாகப் பக்கம் போடுகிறவர்களுக்கு அந்தக் கோடு அசிங்கமாகத் தோன்றும். சிஎஸ்எஸ்ஸில் ஒரே வரி எழுதி அதை அழித்துவிடுவார்கள். நானும் அழித்திருந்தேன். “இப்ப நான் எங்க நிக்கறேன்? சொல்லு” என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. “வாசல் லைட்ட அணைச்சிட்டு விருந்துக்குக் கூப்பிடறியாம்மா?” என்றார். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அடுத்து எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்குவார். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் திருப்பித் தந்துவிடுவார். பிறகு திரையின் ஓரத்தைப் பிடித்துப் போன் அகலத்துக்குக் குறுக்குவார். கடைசியாகத் தன் ஓட்டைப் போனை எடுத்துக்கொண்டு நடு மத்தியானத்தில் கடை வாசலுக்குப் போய் வெயிலில் நின்று படிப்பார். எங்கள் முதலாளிக்குச் சந்தன நிறப் பின்னணியில் ஜரிகை நிறத்தில் எழுத்து இருக்கவேண்டும். பட்டுக்கடைக்காரர் வேறு என்ன கேட்பார்? உள்ளே பார்த்தால் லட்சணமாக இருக்கும். வெயிலில் வெறும் சந்தனம்தான் தெரியும்.

“வெயில்ல நின்னுகினு யாரு சார் புடவ பாக்கப்போறாங்க?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

“பஸ் ஸ்டாண்டுல நிக்கறவங்க பாப்பாங்க. படவேட்டு பஸ் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? அதுவரைக்கும் பாத்துகினே இருப்பாங்க.”

எழுத்தை அடர்ந்த அரக்குக்கு மாற்றினோம். முதலாளி வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சோதனையிலும் ஒன்று விட்டுப்போயிருந்தது. ஆல்ட் இடத்தைக் காலியாக விட்டாலும் பக்கம் ஓடத்தான் செய்யும். யாரும் கேட்டதில்லை, நாங்களும் எழுதியதில்லை. ஜெயந்தி கேட்டாள்.

அன்று போனை நான்தான் எடுத்தேன்.

“மேடம், நான் வேலூர்ல ஒரு ஆபீஸ்ல டெலிபோன் ஆபரேட்டரா இருக்கேன். எனக்குப் பொறந்ததுலருந்தே கண்ணு தெரியாது. போன் படிச்சுக் காட்டும், அத வெச்சிதான் பாக்கறேன். உங்க பக்கத்துல எந்தப் புடவைய தொட்டாலும் படம், படம்னுட்டு ஏதோ நம்பர் சொல்லுது. கலர்கூட சொல்ல மாட்டேங்குது.”

“யாராவது பக்கத்துல இருந்தா பாத்து சொல்லச் சொல்லுங்கம்மா” என்றேன். அலுவலக நாக்கு அப்படித்தான் பேசும்.

அவள் கோபப்படவில்லை. “வர்ற வெள்ளிக்கிழம மாப்ள வீட்டுக்காரங்க, எங்க வீட்டுக்காரங்க எல்லாரும் உங்க கடைக்குதான் ஜவுளி எடுக்க வராங்க. என் முகூர்த்தப் புடவ. எல்லாரும் பாய்ல உக்காந்து இது நல்லாருக்கு, அது நல்லாருக்குன்னு எடுப்பாங்க. நான் நடுவுல சும்மா உக்காந்துகினு இருப்பேன். எங்க அக்கா கல்யாணத்துல அவ வேணான்னு தள்ளுனத எல்லாம் பாத்தவ இல்ல, கேட்டவ நான். எனக்கும் ஒண்ண வேணும்னு சொல்லணும், ஒண்ண வேணான்னு சொல்லணும். முன்னாடியே தெரிஞ்சாதான மேடம் வாயத் தொறக்க முடியும்?”

எங்கள் ஊர்ப்பக்கம் ஜவுளி எடுப்பது கல்யாணத்தில் பாதி. இரண்டு வீட்டுப் பெண்களும் வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். மணப்பெண் எதன்மேல் கை வைக்கிறாள் என்று எல்லார் கண்ணும் அங்கேதான் இருக்கும். புகுந்த வீட்டில் அவள் பேச்சு எடுபடுமா என்பதற்கு அதுவே முதல் பாடம். அதில் அவளை வாயை மூடிக்கொண்டு உட்கார விடக்கூடாது என்று தோன்றியது.

ஏகாம்பரம் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, “தெருவுல கத்திரிக்கா விக்கறவன்கூட கூவிதாம்மா விக்கறான். நாம படத்த மாட்டிட்டு வாய மூடிகினு இருக்கோம்” என்றார். முகூர்த்தப் புடவைகளுக்கு மட்டும் முதலில் எழுதச் சொன்னார்.

எழுதினேன். ‘அழகிய அரக்கு நிறப் பட்டுப்புடவை.’ ‘கண்கவர் பச்சைப் பட்டுப்புடவை.’ சார் திரையை அணைத்துவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். “கண்கவர்னா இன்னா? அவங்களுக்கு எது கண்ணக் கவரும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு மாட்டியிருந்ததைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நானும் கேட்டேன். அரக்குப் புடவைகள் எல்லாம் ஒரே புடவையாக இருந்தன. எனக்கு வெட்கமாகிவிட்டது.

அப்போதுதான் பழைய டைப்பிஸ்ட் வேலை நினைவுக்கு வந்தது. படம் பார்க்காமல் புடவை வாங்கியவர்களுக்கு ஒரு காலத்தில் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? சீட்டில் தட்டிய அந்த வார்த்தைகள் விரலிலேயே இருந்தன. உடல், கரை, முந்தானை என்று திருப்பி எழுதினேன். எழுதிய ஒன்றை ஜெயந்திக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

முழுக்கக் கேட்டாள். பிறகு, “கரைய தொட்டா தெரியுமா மேடம்?” என்றாள்.

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இத்தனை வருஷம் பட்டுக்கடையில் சம்பளம் வாங்கியவள் நான். புடவையைப் படத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கீழே கடைக்கு இறங்கிப் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தறியில் தனித்தனி நூல்நாடா ஓட்டிக் கோத்து நெய்வார்கள். சேருகிற இடத்தில் விரலை ஓட்டினால் வயல் வரப்பு மாதிரி மெல்லியதாக ஒன்று தட்டுப்படும். மற்றதில் அது இருக்காது. மேலே வந்து அதையும் சேர்த்து எழுதினேன். விற்பனைக்கு நிற்பவர்கள், மாடியில் இருப்பவளுக்குக் கல்யாணம் போலிருக்கிறது என்று கேலி செய்தார்கள்.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். புதன்கிழமை ஜெயந்தியே கூப்பிட்டாள்.

“எல்லாத்தையும் கேட்டுட்டேன்க்கா. ஒண்ணு பிடிச்சிருக்கு. எடுத்து வைக்கச் சொல்லலாம்னு பாத்தா, பட்டனே கிடைக்கல. பக்கத்து சீட்டு அக்காவும் அவங்க கண்ணால தேடிட்டாங்க. அவங்களுக்கும் கிடைக்கல.”

மேடத்திலிருந்து அக்காவுக்கு வந்திருந்தாள். அதற்காகவாவது ஓடிப் பார்க்கவேண்டும் இல்லையா?

பார்த்தால், தப்பு இரண்டு. புடவையைக் கடையில் விரித்துப் போட்ட மாதிரி முழு நீளத்துக்குக் காட்டவேண்டும் என்பது முதலாளி கட்டளை. அதற்காகப் படத்துக்கு ஒரு நிலையான அகலம் கொடுத்திருந்தோம். அலுவலகத் திரையில் அது கம்பீரமாகக் கிடந்தது. போனில் உடல் மட்டும் தெரிய, முந்தானை திரைக்கு வெளியே போய்விட்டது. ‘எடுத்து வைக்க’ அழுத்துவதற்கென்று முதலாளி வைக்கச் சொன்ன கோபுரப் படம் முந்தானைக்கும் அந்தப் பக்கம். பக்கத்து சீட்டுக்காரர் கண்ணுக்கு அதனால்தான் அகப்படவில்லை. அதோடு அந்தக் கோபுரம் எச்டிஎம்எல்லில் பட்டனே இல்லை. அழுத்தினால் வேலை செய்கிற வெறும் பெட்டி, அதற்குப் பெயரும் கிடையாது. ஜெயந்தியின் போனுக்கு அது இருப்பதே தெரியாது.

கோபுரத்தை எடுத்துவிட்டு, முறையான பட்டன் வைத்து, ‘இந்தப் புடவையை எடுத்து வையுங்கள்’ என்று வார்த்தையாகவே எழுதினேன். சிக்கல் படத்தில்தான். நீளப் படத்தைப் போன் அகலத்துக்குச் சுருக்கினால் ரிப்பன் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் மூன்றாகப் பிரித்தேன். அகலத் திரையில் மூன்றும் பக்கம் பக்கமாக நிற்கும். போனில் முந்தானை மேலே, கரை அடுத்து, உடல் கீழே என்று அடுக்கிக்கொள்ளும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. முதலாளியிடம் காட்டப் போனோம்.

பார்த்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார்.

“முகூர்த்தப் புடவைய துண்டு போட்டுக் காட்டறீங்களா? பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா இன்னா ஆவறது? ஆகாதுப்பா. சகுனமே ஆகாது. நாளைக்கி எவனாச்சும் கடைமேல பழி போடுவான். எடுத்துருங்க ஜல்தியா.”

கல்யாணப் புடவையில் கத்திரி படக்கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக்கூட முகூர்த்தம் முடியும்வரை கத்தரிக்க மாட்டார்கள். ஆனால் அதைத் திரையில் இருக்கும் படத்துக்கும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்று எந்தக் கோடைக்கால வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்? வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. எதிர்த்துப் பேசினால் இன்னும் முறுக்கிக்கொள்வார்.

ஏகாம்பரம் சார் வெளியே போனார். கீழே கடையிலிருந்து மடித்த புடவை ஒன்றைக் கொண்டுவந்து முதலாளியின் மேசைமேல் வைத்தார். கடை மடிப்பு எப்போதும் முந்தானை மேலே தெரியும்படிதான் இருக்கும்.

“முதலாளி, இத அலமாரியில எப்பிடி வெச்சிருக்கோம்?”

“மடிச்சி.”

“அலமாரி அகலம் அவ்ளோதான். அதனால மடிச்சோம். போனும் சின்ன அலமாரிதான். நாங்க வெட்டல முதலாளி, மடிச்சிருக்கோம்.”

முதலாளி புடவையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப எதுக்கு நடுவுல வெள்ளையா சந்து தெரியுது? மடிப்புல சந்து தெரியுமா?” என்றார். அதுவும் சரிதான். சிஎஸ்எஸ்ஸில் படங்களுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளியை எடுத்தேன். மூன்றும் ஒட்டிக்கொண்டன. உண்மையாகவே மடித்து வைத்த மாதிரி இருந்தது. “ம்” என்றார். எங்கள் முதலாளி “ம்” என்றால் பாராட்டுப் பத்திரம்.

அன்று சாயங்காலமே ஜெயந்தியின் பெயரில் ஒரு புடவை எடுத்து வைக்கச் சொல்லித் தகவல் வந்தது.

வெள்ளிக்கிழமை வேன் வந்து நின்றபோது ஏகாம்பரம் சார், “கீழ போய்ப் பாரும்மா” என்றார். தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஜெயந்தி எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று கேட்காதீர்கள். அவள் சொன்னபடி நடுவில்தான். மாப்பிள்ளையின் அம்மா சரோஜா அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, புடவைகளை மடியிலிருந்து மடிக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் எடுத்தது அடர்ந்த ரோஜா நிறத்தில் ஒரு ராணி கலர். உடல் முழுக்க ஜரிகை. எடுப்பாகத்தான் இருந்தது.

“இது எப்பிடி சம்மந்தி?” என்று ஜெயந்தியின் அம்மாவைக் கேட்டார்.

“நீங்களே பாத்து எடுங்க. அவளுக்கு எது தெரியப்போகுது” என்றார் அந்த அம்மா. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

“அத்த,” என்றாள் ஜெயந்தி. “நான் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்.”

விற்பனையாளர் அவள் பெயர் எழுதிய புடவையைக் கொண்டுவந்து வைத்தார்.

“யாரும்மா பாத்து சொன்னது?” என்றார் சரோஜா அம்மாள்.

“யாரும் பாத்து சொல்லல. கடையோட பக்கத்துலயே எழுதியிருக்காங்க. உடல் அரக்கு. கரை இலைப்பச்சை, நாலு விரக்கடை. முந்தானையில மயில் ரெண்டு எதிரெதிரா. கரை கோத்து நெய்ஞ்சது, தொட்டா தெரியும்.”

சரோஜா அம்மாள் விடுகிற ஆள் இல்லை. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அரக்கு சரி. மயிலும் சரி. கரையில் விரல் வைத்து அளந்துவிட்டு, “எனக்கு மூணரைதான் வருது. எழுதுனவங்க வெரல் ஒல்லி போல” என்றார். என் கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். “தொட்டா தெரியும்னியே, எங்க?” என்று அடுத்த கேள்வி. ஜெயந்தி தடவிப் பார்த்து அந்த இடத்தைப் பிடித்தாள். சரோஜா அம்மாளுக்குத் தட்டுப்படவில்லை. ஜெயந்தி அவர் கட்டைவிரலைப் பிடித்து மெல்ல அதன்மேல் ஓட்டினாள். இரண்டாம் முறை ஓட்டியபோது, “அட” என்றார்.

பிறகு ராணி கலர்மேல் அதே விரலை ஓட்டிப் பார்த்தார். வழுவழுவென்று போனது.

“கட்டிக்கப்போறவ அவ. அவ எடுத்ததே இருக்கட்டும்” என்று விற்பனையாளரிடம் சொன்னார். “இந்த ராணி கலர எனக்குப் போடுங்க. விட மனசு வரல.”

நான் மாடிக்கு வந்து ஏகாம்பரம் சாரிடம் சொன்னேன். “சரி, மிச்சப் புடவைங்களுக்கு எப்ப எழுதப்போற?” என்றார். அவ்வளவுதான் அவர். ஆனால் அன்றிலிருந்து, மவுசைப் பையில் போட்டுக்கொள்வதோடு திரையை அணைத்துக் கேட்பதும் எங்கள் சோதனையில் சேர்ந்துகொண்டது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் நான் விடவில்லை.

இப்போது நிவேதாவுக்குப் பதில். கடைசி வாரத்துக்குச் சற்று முன்னால் ஜெயந்தி பேசினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நல்ல நாள், கெட்ட நாள் எல்லாம் பேசுகிற பழக்கம் எங்களுக்கு.

“அக்கா, எங்க கொழுந்தனாருக்குக் கல்யாணம். புடவ பாக்கறோம். அத்தைக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் ஆகற வரைக்கும் ஒண்ணும் சரியா தெரியல. உங்க பக்கத்த நான்தான் கேட்டு அவங்களுக்கு சொல்லிகினு இருக்கேன். ஆனா புதுசா ஒரே பேஜாரா இருக்குக்கா. எல்லாப் புடவைக்கும் ‘பாரம்பரிய அழகு மிளிரும் பட்டுப்புடவை’ன்னே வருது.”

பழைய பக்கத்தோடு நான் எழுதிய வரிகளும் போய்விட்டன என்று சொல்வதற்குள் அவளுக்குப் பின்னாலிருந்து சரோஜா அம்மாளின் குரல் வந்தது.

“அழகு கெடக்குது. கரைய தொட்டா தெரியுமான்னு கேளு.”

போனை வைக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு, புடவையைத் தொட்டுப் பார்க்கக் கீழே இறங்கினேன்.